கர்ணனின் கொடையும் இன்றைய பார்வையாளரும்

1. கேள்வியின் எல்லை

பி.ஆர். பந்துலு தயாரித்து இயக்கிய ‘கர்ணன்’ 1964 ஜனவரி 14 அன்று, பொங்கலுக்கு வெளியானது. தமிழின் செவ்வியல் திரைப்படங்களைப் பட்டியலிடுவோர் யாரும் அதை விட்டுவிடுவதில்லை. ஆனால் பட்டியலில் இடம் கிடைப்பது வேறு. இன்று இருபது வயதில் இருக்கும் ஒருவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது வேறு. முன்னது மரியாதை, பின்னது ஈர்ப்பு. மரியாதை குறையாமல் இருப்பதைப் பார்த்து ஈர்ப்பும் குறையவில்லை என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். இந்தக் கட்டுரை ஈர்ப்பைப் பற்றியது.

‘இன்றைய பார்வையாளர்’ என்று ஒருமையில் பேசுவதிலும் சிக்கல் இருக்கிறது. பெற்றோர் வழியாகவும் வானொலி வழியாகவும் பாடல்களைக் கேட்டு வளர்ந்து, பிறகு படத்துக்கு வந்தவர்கள் ஒரு வகை. கர்ணன் கதையை நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்த ‘தளபதி’யைப் பார்த்து வளர்ந்து, அதன் மூலத்தைத் தேடி வந்தவர்கள் இன்னொரு வகை. துண்டு துண்டான காட்சிகளை இணையத்தில் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டவர்கள் மூன்றாம் வகை; எண்ணிக்கையில் இவர்களே அதிகமாக இருக்கக்கூடும். இந்த மூவருக்கும் படம் ஒரே படமாக இல்லை.

‘கர்ணன்’ ஏன் நிலைத்தது என்று கேட்டால் கர்ணனாக வரும் சிவாஜி கணேசனின் நடிப்பு, வசனம், பாடல்கள் என்று மூன்று விடைகள் உடனே வரும். மூன்றும் உண்மைதான். ஆனால் அவை உள்ளே அழைத்து வரும் வாசல்கள். உள்ளே வந்தவரை எழுந்து போகவிடாமல் பிடித்து வைப்பது படத்தின் கட்டமைப்பு என்பதே என் கருத்து. பிறப்பால் அவமதிக்கப்பட்ட ஒருவன், தன்னை மனிதனாக மதித்தவனுக்குத் தன்னையே ஒப்புக்கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்குத் தன் உயிரைத் தவணை தவணையாகக் கொடுத்துத் தீர்க்கிறான். அந்தக் கதையைப் படம் எப்படி அடுக்கியிருக்கிறது என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது.

2. படம் எங்கிருந்து வந்தது

பந்துலு இதற்கு முன்பே ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) ஆகிய படங்களைச் சிவாஜி கணேசனை வைத்து எடுத்திருந்தார். கட்டபொம்மனுக்கு வசனம் எழுதிய சக்தி கிருஷ்ணசாமியே ‘கர்ணன்’ படத்துக்கும் எழுதினார். வண்ணப்படங்கள் அரிதாக இருந்த நேரத்தில் ஈஸ்ட்மென் கலரில் எடுத்தார்கள். ஜெய்ப்பூர் அரண்மனைக்கும் குருக்ஷேத்திரத்துக்கும் போய்ப் படம்பிடித்தார்கள். ‘மாயா பஜார்’ (1957) வழியாகக் கண்ணன் என்றாலே மக்கள் மனத்தில் எழும் முகமாகிவிட்ட என்.டி. ராமராவைக் கண்ணனாக அழைத்து வந்தார்கள். அசோகன் துரியோதனன், முத்துராமன் அர்ச்சுனன், எம்.வி. ராஜம்மா குந்தி, தேவிகா சுபாங்கி, சாவித்திரி பானுமதி.

இவை எல்லாம் தயாரிப்பு வரலாறு. படத்தின் வேர் இன்னும் கீழே இருக்கிறது. தமிழ் மக்கள் கர்ணனை முதலில் திரையில் சந்திக்கவில்லை. வட தமிழகத்தின் தெருக்கூத்தில் ‘கர்ண மோட்சம்’ விடிய விடிய ஆடப்படும் கூத்து, இன்றும் ஆடுகிறார்கள். வில்லிபுத்தூராரின் பாரதம் கதாகாலட்சேபம் வழியாகவும் திண்ணைப் பள்ளி வழியாகவும் பரவியிருந்தது. கர்ணனைக் கொடை வள்ளலாகவும் செஞ்சோற்றுக் கடன் தீர்த்தவனாகவும் பார்க்கும் பார்வையை இந்த மரபுகளே மக்களிடம் வேரூன்றச் செய்தன. பந்துலுவின் படம் அந்தப் பார்வையைக் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு ஒரு முகமும் குரலும் கொடுத்தது. கர்ணன் என்றதும் தமிழருக்குச் சிவாஜியின் முகம் வருவது அதனால்தான்.

படத்தின் சில பண்புகளை நாடகத்தனம் என்று ஒதுக்குமுன் இந்தப் பின்னணியை நினைவில் வைக்க வேண்டும். முகவீணையும் மிருதங்கமும் ஒலிக்கும் திறந்த வெளியில், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் எட்ட வேண்டும் என்று குரலெடுத்துப் பழகிய மரபு அது. சிவாஜியின் உரத்த வசன உச்சரிப்பு அந்தக் கலைக்கு உறவுக்காரன். மேற்கத்திய மேடையின் அளவுகோலை மட்டும் வைத்து அதை அளந்தால் தவறான விடையே கிடைக்கும்.

3. இரண்டு வெளியீடுகள்

1964-இல் ‘கர்ணன்’ வெளியான அதே நாளில் எம்.ஜி.ஆரின் ‘வேட்டைக்காரன்’ படமும் வந்தது. கர்ணன் ஓடாமல் போகவில்லை. ஆனால் கொட்டிய பணத்துக்கு ஏற்ற வசூல் வரவில்லை என்றே பொதுவாகச் சொல்லப்பட்டு வருகிறது. அடுத்த ஆண்டு பந்துலு எம்.ஜி.ஆரை வைத்து ‘ஆயிரத்தில் ஒருவன்’ எடுத்தார்.

நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2012 மார்ச் 16 அன்று, திவ்யா ஃபிலிம்ஸ் நிறுவனம் படத்தை டிஜிட்டல் முறையில் புதுப்பித்து மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தது. ஒலியையும் இன்றைய அரங்குகளுக்கு ஏற்ப மாற்றியிருந்தார்கள். புதுப்படங்களோடு போட்டியிட்டு, மல்டிபிளெக்ஸ்களிலும் காட்சி பெற்று, சென்னையில் 100 நாள்களைத் தாண்டி ஓடியது. அந்த வெற்றியைப் பார்த்துத்தான் ‘பாசமலர்’, ‘வசந்த மாளிகை’, ‘ஆயிரத்தில் ஒருவன்’ எனப் பழைய படங்கள் ஒவ்வொன்றாகப் புது உருவில் வரத் தொடங்கின.

இதை வெறும் ஏக்கத்தின் வெற்றி என்று ஒதுக்கிவிடலாமா? முதல் வாரக் கூட்டத்துக்கு ஏக்கம் காரணமாக இருக்கலாம். சிவாஜி ரசிகர் மன்றத்தினர் கட்-அவுட் வைத்துக் கொண்டாடியிருக்கலாம். ஆனால் நூறு நாள் ஓடுவதற்கு அந்த ஒரு தலைமுறை போதாது. பேரப்பிள்ளைகளை அழைத்துப் போனவர்களும், போய்வந்த பிள்ளைகள் தங்கள் நண்பர்களிடம் சொன்னதும் சேர்ந்தால்தான் அத்தனை நாள் ஓடும். முதல் வெளியீட்டில் செலவைக் காரணமாக்கித் தோல்வி என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு படம், தனக்குப் பின் பிறந்தவர்களிடம் போய் வென்றிருக்கிறது. பழம்படங்களில் இப்படி நடப்பது அபூர்வம்.

4. இன்று தடுக்கிவிடும் இடங்கள்

ஈர்ப்பை ஆராய்பவர் தடைகளை மறைக்கக் கூடாது. முதல் அரைமணி நேரம் இன்றைய கண்ணுக்குக் கடினமானது. அட்டையும் வண்ணமும் தெரியும் அரண்மனைத் தூண்கள், ஒட்டியது தெரியும் தாடிகள், எல்லா மூலைகளிலும் ஒரே அளவாக விழும் வெளிச்சம் ஆகியவற்றை இன்றைய கண் உடனே பிடித்துவிடும். ‘பாகுபலி’யைப் பார்த்துப் பழகிய ஒருவருக்கு இந்த அத்தினாபுரம் சிறியதாகத் தெரிவதில் வியப்பில்லை.

வேகம் அடுத்த தடை. வசனம் முடிந்த பிறகும் காமிரா நகராமல் நிற்கும். ஒரு பாத்திரம் உள்ளே வந்து, வணங்கி, அமர்ந்து, பிறகுதான் பேசத் தொடங்கும். போர்க்காட்சிகளில் நிஜமான களமும் குதிரைகளும் தரும் பிரம்மாண்டம், அம்புகள் காற்றில் மோதிக்கொள்ளும் தந்திரக் காட்சி வந்ததும் கலைந்துவிடுகிறது. 1964-இல் கைதட்டல் வாங்கிய இந்த இடங்களில்தான் இன்று அரங்கம் நெளிகிறது. தன்னைப் பார்த்து வியக்கும்படி படம் நம்மைக் கேட்கும் இடமெல்லாம் தேய்ந்துபோயிருக்கிறது என்று இதைப் பொதுமைப்படுத்தலாம். நாலைந்து பேர் நின்று பேசும் அறைகளில் அந்தத் தேய்மானம் இல்லை.

5. கொடையின் கணக்கு

‘கர்ணன்’ நிகழ்ச்சிகளின் தொகுப்பாக அமைந்த படம். பிறப்பு, ஆற்றில் விடப்படுதல், வித்தைப் போட்டி, முடிசூட்டல், இந்திரன் வருகை, பரசுராமரிடம் கல்வி, சாபம், காதல், திருமணம், குந்தி வருகை, போர், மரணம். இப்படி அடுக்கிப் பார்த்தால் கதை முடிச்சே இல்லாத வாழ்க்கை வரலாறு போலத் தோன்றும். துண்டுக் காட்சிகளாகப் பார்ப்பவருக்கு இது வசதி. எந்த நிகழ்ச்சியும் தனியே நிற்கும். முழுதாகப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும் ஒன்று உண்டு. கர்ணன் செய்யும் ஒவ்வொரு பெரிய கொடையும் அவனிடமிருந்து ஒரு பாதுகாப்பைப் பறித்துக்கொண்டு போகிறது.

கிழ அந்தணனாக வரும் இந்திரன் கேட்பது உடலோடு பிறந்த கவசத்தையும் குண்டலங்களையும். வருவது யார், எதற்காக வருகிறான் என்று கதிரவன் முன்பே எச்சரித்துவிடுகிறான். கர்ணன் தெரிந்தே கொடுக்கிறான். உடம்பின் காவல் போயிற்று. குந்தி கேட்பது இரண்டு வரங்கள்: அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரைக் கொல்லக் கூடாது, நாகாஸ்திரத்தை ஒரு முறைக்கு மேல் தொடுக்கக் கூடாது. கொடுக்கிறான். ஆயுதத்தின் பலமும் போயிற்று. கடைசியில், தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்து, உடம்பெல்லாம் அம்பு தைத்துக் கிடப்பவனிடம் கிழவனாக வரும் கண்ணன் கேட்பது அவன் செய்த புண்ணியம் அத்தனையும். அந்தப் புண்ணியம்தான் அதுவரை அவன் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதையும் தாரை வார்க்கத் தண்ணீர் இல்லை. தன் இரத்தத்தை வார்த்துக் கொடுக்கிறான்.

இந்த வரிசையில் மர்மத்துக்கு இடமே இல்லாத ஒரு தெளிவு இருக்கிறது. பார்வையாளருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும், கர்ணனுக்கும் தெரியும். கடன்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வீட்டுப் பொருள்களை எடுத்துப்போக, வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிட்டு வழியனுப்புவதைப் போன்ற அவஸ்தை அது. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் இங்கே வேலை செய்வதில்லை. ‘இப்போதாவது இல்லை என்று சொல்லிவிடு’ என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்ள வைக்கிறது படம். நவீனத் திரைக்கதை வகுப்புகளில் கற்பிக்கப்படும் எந்தத் திருப்பமும் இவ்வளவு இறுக்கமாக ஒருவரைப் பிடிக்குமா என்பது எனக்கு ஐயம்தான். முடிவு தெரிந்த கதையே அதிகம் பதற வைக்கும் என்பது கூத்துக் கலைஞர்களுக்கு என்றைக்கும் தெரிந்த உண்மை.

சிவாஜியின் நடிப்பையும் இந்த இடத்தில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அவருடைய முழக்கத்தைப் போற்றுவோர் போற்றட்டும். இன்றைய பார்வையாளரை வசப்படுத்துவது கேட்கும்போது அவர் முகத்தில் நடப்பவை என்று தோன்றுகிறது. யாசகம் கேட்டு முடிக்கப்பட்ட அந்த நொடியில், கொடுப்பதா வேண்டாமா என்ற தயக்கத்துக்குப் பதிலாக, கேட்டுவிட்டாரே என்ற ஒரு நிறைவு அவரிடம் தெரியும். கொடுப்பதில் இவனுக்கு இன்பம் இருக்கிறது. அந்த இன்பமே இவனைக் கொல்லப்போகிறது என்பதை வசனம் இல்லாமலே உணர்ந்துவிடுகிறோம்.

6. பிறப்பு என்னும் கேள்வி

வித்தைப் போட்டிக் களத்தில் கர்ணனிடம் அவன் குலம் என்ன என்று கேட்கப்படுகிறது. வில்லில் அவனை வெல்ல முடியாதவர்கள் ஒரு கேள்வியில் வென்றுவிடுகிறார்கள். துரியோதனன் எழுந்து அங்க நாட்டை அவனுக்குக் கொடுக்கிறான். படத்தின் மீதிக் கதை முழுவதும் இந்த ஒரு நிமிடத்திலிருந்து முளைக்கிறது. இன்றைய இளைஞர் ஒருவருக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. தகுதியைக் காட்டிய பிறகும் ‘நீ எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை’ என்று சுற்றி வளைத்துக் கேட்கப்படுவது இன்னும் நின்றுவிடவில்லை. கல்லூரி விடுதியிலும் அலுவலகத்திலும் வாடகை வீடு தேடும்போதும் அது நடக்கிறது. இந்தப் படம் இன்றும் சுடுகிறது என்றால் முதலில் சுடுவது இங்கேதான்.

கூத்தோடு ஒப்பிட்டால் படம் செய்த முக்கியமான மாற்றம் ஒன்று புலப்படும். ‘கர்ண மோட்சம்’ கூத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவி. அவளே கணவனைத் தாழ்ந்த பிறப்பினன் என்று இகழ்கிறவள். போருக்குப் புறப்படுமுன் இருவருக்கும் நடக்கும் வாக்குவாதம் அந்தக் கூத்தின் உயிர்ப்பான பகுதி. அவமானம் அங்கே படுக்கையறைக்குள் இருக்கிறது. படத்தில் மனைவி சுபாங்கி. அவனை உயிராக நேசிப்பவள். இகழ்கிறவர் அவளுடைய தந்தை. கணவனின் மனப்புண்ணுக்கு மருந்தாக அவள் பாடுவதே ‘கண்ணுக்குக் குலமேது’.

இந்த மாற்றத்தால் கூத்தில் இருந்த கூர்மை ஒன்று மழுங்கிப்போனது என்று சொல்லத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. பெண் காதலித்துக் கைப்பிடித்த பிறகும் பெண் வீட்டார் மருமகனைச் சபையில் சிறுமைப்படுத்துவது என்ற ஏற்பாட்டின் மூலம், படம் அவமானத்தைக் குடும்பம் என்னும் அமைப்பின் கையில் கொடுக்கிறது. காதலுக்கு எதிரே பெற்றோர், குலப்பெருமை, ஊர்ப்பேச்சு என்று நிற்கும் நவீனத் தமிழ் வாழ்க்கையின் மோதல் இது. 1964-இன் புராணப் படத்துக்குள் நிகழ்காலத்தின் சமூகப் படம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

ஆனால் படத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. அதை மூடி மறைப்பது ஆய்வாகாது. குலத்தைக் கேட்பது தவறு என்று பாடும் அதே படம், கர்ணன் உண்மையில் உயர்குலத்தவன், கதிரவனின் மகன், குந்தியின் மூத்த பிள்ளை என்று முதல் காட்சியிலேயே நமக்குச் சொல்லிவிடுகிறது. அவன் படும் அவமானம் அநியாயம் என்று நாம் உணர்வதில் ஒரு பகுதி, ‘ஆள் தெரியாமல் அவமதிக்கிறார்களே’ என்பதிலிருந்து வருகிறது. அவன் மெய்யாகவே தேரோட்டியின் மகனாக இருந்திருந்தால் அந்த அவமதிப்பு நியாயமாகிவிடுமா? படம் இந்தக் கேள்வியை நெருங்குகிறது, கேட்காமல் விலகிவிடுகிறது. இதிகாசத்திலேயே இருக்கும் சிக்கல்தான் இது. ஆனாலும் 2012-க்குப் பிறகு இதைப் பார்த்த தலைமுறை இந்த இடத்தில் நின்று யோசித்தது என்பதற்குப் பின்னால் வரும் ஒரு படம் சான்று.

7. முத்து சிதறும் காட்சி

கர்ணனும் பானுமதியும் சொக்கட்டான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். துரியோதனன் உள்ளே வருவதைப் பார்த்துப் பானுமதி எழுகிறாள். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் கர்ணன், தோற்றுவிடுவோம் என்று நழுவுகிறாள் என நினைத்து அவளைப் பிடித்து இழுக்க, மணிவடம் அறுந்து முத்துகள் தரையெங்கும் உருள்கின்றன. நண்பனின் மனைவி, தனி அறை, அறுந்த அணி, வாசலில் கணவன். துரியோதனன் கேட்பது, பொறுக்கித் தரட்டுமா, கோத்தும் தரட்டுமா என்பதுதான்.

வியாசரிடம் இந்த நிகழ்ச்சி இல்லை. வில்லிபுத்தூரார் பாரதத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே இது நேரடி நிகழ்ச்சியாக வராமல், தன் பக்கம் வந்துவிடும்படி அழைக்கும் குந்தியிடம், துரியோதனனை ஏன் விட்டு வர முடியாது என்று கர்ணன் எடுத்துச் சொல்லும் காரணமாக வருகிறது. படம் அதைக் கண்முன் நடத்திக் காட்டுகிறது. அதனால் பின்னால் குந்தி வரும்போது கர்ணன் நீண்ட விளக்கம் தர வேண்டியதில்லை. பார்வையாளர் மனத்தில் அந்த முத்துகள் ஏற்கெனவே உருண்டுகொண்டிருக்கின்றன. காவியத்தில் வாதமாக இருந்ததை நினைவாக மாற்றியது திரைக்கதையின் பெரிய சாதனை.

அசோகனுக்கு உரிய பாராட்டு இந்தக் காட்சிக்காகக் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. துரியோதனனை அவர் பெருந்தன்மையின் திருவுருவாக நடிக்கவில்லை. சந்தேகப்படத் தெரியாத, கொஞ்சம் முரட்டுத்தனமான பாசம் அது. கர்ணன் குன்றிப்போய் நிற்க, அவர் சிரிக்கும் சிரிப்பில் மன்னிப்பு இல்லை. மன்னிக்க ஏதுமில்லை என்ற உறுதி இருக்கிறது. பெண்ணின் கைப்பேசியைத் திறந்து பார்ப்பது சாதாரணமாகிப்போன காலத்தில் இந்தக் காட்சி பழசாகத் தெரியவில்லை, புதிதாகத் தெரிகிறது. கெட்டவன் என்று ஊரே சொல்லும் ஒருவனுக்காக ஒரு நல்லவன் ஏன் சாகிறான் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடையை எந்த வசனமும் தந்துவிட முடியாது.

8. கண்ணன் மீது விழும் பார்வை

குந்தியைக் கர்ணனிடம் அனுப்பும் எண்ணம் கண்ணனுடையது. கடைசியில் தானே வந்து யாசிப்பவனும் அவனே. பக்திப் படங்கள் உச்சத்தில் இருந்த காலத்தில், கடவுளைக் கொலைக்குத் திட்டமிடுபவனாகக் காட்டி, அவனை நேசிக்கவும் வைப்பது துணிச்சலான வேலை. ராமராவின் புன்னகையே அதைச் சாதிக்கிறது. கே.வி. சீனிவாசன் கொடுத்த குரலில் கனிவும் தந்திரமும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன.

‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ பாடல் சீர்காழி கோவிந்தராஜனின் குரலில் எழும்போது, கர்ணனை வீழ்த்தியவனே அவனுக்காக இரங்குகிறான். கண்ணதாசன் அந்தப் பாடலைக் கண்ணனின் வாயில் வைத்தது படத்தின் அறத்தையே தீர்மானிக்கிறது. தர்மம் வெல்ல வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டாலும், அது வென்ற விதத்தில் ஒரு கறை இருக்கிறது என்பதை வென்றவனே ஒப்புக்கொள்கிறான். பார்வையாளருக்கு எளிய ஆறுதல் எதுவும் தரப்படுவதில்லை. நல்லவர், கெட்டவர் என்று பிரித்துவைக்கும் கதைகளில் அலுத்துப்போன இன்றைய தலைமுறை, தேடிக்கொண்டிருக்கும் சிக்கலை இந்தப் பழைய படத்தில் கண்டால் வியப்படைவது இயல்பு.

9. விடுபட்டதும் விட்டுக்கொடுத்ததும்

வியாச பாரதத்தின் சபா பருவத்தில் கர்ணன் திரௌபதியை இழிசொல்லால் பேசுகிறான். அவள் ஆடையைக் களையச் சொல்பவனும் அவன்தான். அந்தக் கர்ணனுக்குப் படத்தில் இடமில்லை. நாயகனின் ஒளியைக் காக்க வேண்டி அவனுடைய மிகப் பெரிய குற்றத்தைப் படம் விட்டுவிட்டது. இதிகாசத்தை நேரே படித்துவிட்டு வரும் இன்றைய வாசகர்கள், குறிப்பாகப் பெண்கள், இதைக் கேட்காமல் விடுவதில்லை, விடவும் கூடாது. அவமானப்பட்டவன் இன்னொருத்தியை அவமானப்படுத்தினான் என்ற உண்மையையும் சேர்த்திருந்தால், படம் இன்னும் பெரியதாகியிருக்கும் என்றே நினைக்கிறேன். 1964-இன் நட்சத்திர நாயகனுக்கு அந்தச் சுமையை ஏற்றத் தயாரிப்பாளர் எவரும் துணிந்திருக்கமாட்டார்.

சுபாங்கி, பானுமதி ஆகிய இருவரும் பெரும்பாலும் பாடல்களின் வழியே வாழ்கிறார்கள். சாவித்திரி போன்ற நடிகைக்குப் படம் கொடுத்த வேலை குறைவு. குந்திக்கு மட்டும் தனக்கென ஒரு துயரம் இருக்கிறது. எம்.வி. ராஜம்மா அதைச் சுமக்கும் விதம், குழந்தையைக் கைவிட்ட ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் காப்பாற்றுகிறது.

10. இசை

இதில் வாதமே தேவையில்லை. விஸ்வநாதன்-ராமமூர்த்தி, கதை நடக்கும் நிலத்தை மனத்தில் வைத்து, வடக்கத்திச் சாயல் கொண்ட ராகங்களையும் வாத்தியங்களையும் அள்ளிக் கொண்டுவந்தார்கள். ‘இரவும் நிலவும்’ சுத்த சாரங். ‘என்னுயிர்த் தோழி’ ஹமீர் கல்யாணி. ‘கண்கள் எங்கே’ சுத்த தன்யாசி. வளைகாப்புக்குப் பிறந்த வீடு போகும் சுபாங்கியை அனுப்பி வைக்கும் ‘போய் வா மகளே’ பாடலுக்கு மட்டும் நம் தாலாட்டோடும் மங்கலப் பாட்டோடும் நெருங்கிய ஆனந்த பைரவியை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தேர்வில் இருக்கும் நுட்பத்தை ராகம் தெரியாதவரும் உணர்கிறார். படத்தைப் பார்க்காதவர்களுக்கும் பாடல்கள் தெரிந்திருப்பதால், புதிதாக வருபவர் முற்றிலும் அந்நியமான உலகத்துக்குள் நுழைவதில்லை.

11. வழித்தோன்றல்கள்

ஒரு கதை உயிரோடு இருக்கிறதா என்பதற்கு நல்ல சான்று, அதோடு பின்வந்தவர்கள் சண்டை பிடித்திருக்கிறார்களா என்பது. மணிரத்னத்தின் ‘தளபதி’ (1991) கர்ணனைச் சூர்யாவாகச் சரக்கு ரயிலில் போட்டுச் சேரிக்கு அனுப்பியது. ரஜினிகாந்தின் சூர்யா சாவதில்லை. துரியோதனனின் இடத்தில் இருக்கும் தேவா சாகிறான். தாய்ப்பாசமும் நட்பும் பந்துலுவின் படத்திலிருந்து நேரே வந்தவை. கொடை மட்டும் காணாமல் போய்விட்டது. 1991-இன் நகரத்தில் அதற்கு இடமில்லை போலும்.

மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) வேறு வகைச் சண்டை. அங்கே பொடியன்குளம் மக்களுக்குப் பேருந்து நிற்பதில்லை. ஊர்ப் பெரியவரின் பெயர் துரியோதனன். காதலியின் பெயர் திரௌபதி. ஊரை அடித்து நொறுக்கும் காவல் அதிகாரியின் பெயர் கண்ணபிரான். உயர்குலத்து இரகசியம் எதுவும் இந்தக் கர்ணனுக்கு இல்லை. ஆறாம் பகுதியில் சொன்ன கேள்வியை, அதாவது மெய்யாகவே தாழ்த்தப்பட்டவனாக இருந்தால் என்ன என்பதை, பந்துலு கேட்காமல் விட்ட இடத்திலிருந்து எடுத்துக் கேட்கிறது இந்தப் படம். கண்ணனின் பெயரை ஒடுக்குபவனுக்குச் சூட்டியதில் உள்ள கோபம், 1964-இன் கண்ணன் மீது விழுந்த ஐயத்தின் முற்றிய வடிவம். பழைய படம் மக்கள் மனத்தில் இல்லாமல் போயிருந்தால் இந்தப் பெயர்களுக்கு இவ்வளவு சக்தி இருந்திருக்காது.

12. எந்தப் பிரதியைப் பார்ப்பது

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். ‘கர்ணன்’ சதுரத்துக்கு நெருக்கமான பழைய திரை வடிவத்தில் எடுக்கப்பட்டது. 2012-இல் அதை அகலத்திரைக்கு மாற்றித் திரையிட்டார்கள். நான்குக்கு மூன்று என்ற அளவில் உள்ள பிம்பத்தைச் சினிமாஸ்கோப் அளவுக்குப் பொருத்தினால், மேலும் கீழும் சேர்த்து ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வெட்டுப்படும். கிரீடத்தின் உச்சி, நீட்டிய கை, தரையில் உருளும் முத்து என்று சட்டகத்தின் ஓரங்களில் இருப்பவையே முதலில் போகும். சிவாஜி உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நடித்தவர். நிற்கும் விதத்திலும் கால் வைக்கும் விதத்திலும் பாத்திரத்தைச் சொன்னவர். அவரை இடுப்புக்கு மேல் மட்டும் காட்டுவது அவர் நடிப்பின் ஒரு பகுதியை அணைத்துவிடுவதாகும்.

அரங்கில் படத்தை மீட்டவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் ஒரு தலைமுறை இதைப் பெரிய திரையில் பார்த்தே இருக்காது. ஆனால் இப்போது தேவைப்படுவது, மூல நெகட்டிவிலிருந்தோ கிடைக்கும் மிக நல்ல பிரதியிலிருந்தோ, முழுச் சட்டகத்தோடும் அசல் ஒலியோடும் எடுக்கப்பட்ட ஒரு பிரதி. பிற நாடுகளின் செவ்வியல் படங்களுக்குத் திரைப்பட ஆவணக் காப்பகங்கள் செய்யும் வேலை இது. நமது பல்கலைக்கழகங்களின் திரைப்படத் துறைகளும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் சேர்ந்து இதைச் செய்ய முடியும். இளைஞர்களிடம் வெட்டிய படத்தைக் காட்டி, பிடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட அதுதான் முறை.